ஏழாவது பெயர்

ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை போடலாம் என்று முறை எழுதிய பாடு நோட்டு பழுப்பேறிவிட்டது. ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த ஜெபசெல்வி, சோதனைப் பேனாவால் பக்கத்துக்கு ஒரு கோடு இழுத்தாள். மஞ்சளானால் தாளில் அமிலம் இருக்கிறது; ஊதாவானால் நல்ல தாள். எல்லாக் கோடுகளும் மஞ்சளாயின.

“சீக்கிரம் பொடிஞ்சிடும். புது நோட்டுல எழுதிடுங்க.”

“வஜ்ரவேலு பேரு மட்டும் வாணாம்,” என்றார் ஊர்த் தலைவர் ஜெகதீஸ்வரன். “புயல்ல போயி மூணு வருஷமாச்சு. அந்த முறைய வேற ஆளுக்குக் குடுத்துடலாம்.”

வஜ்ரவேலுவின் மனைவி தேசம்மா நோட்டின்மேல் கை வைத்தாள். “நீ பொணத்த பாத்தியாண்ணா? பாக்காம இன்னாத்துக்கு பேர எடுக்கற?”

முறைக்காரர்களின் பெயர்கள் இருந்த கடைசிப் பக்கத்தை மறுபடி சோதிக்க, ஜெபசெல்வி பன்னிரண்டு பெயர்கள் மீதும் மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுத்தாள். மஞ்சளாகவே இறங்கி வந்த கோடு, ஏழாவதாக இருந்த வஜ்ரவேலுவின் பெயரில் ஊதாவானது. எட்டாவதில் மறுபடியும் மஞ்சள். வேறு பேனாவால் இழுத்துப் பார்த்தாள். அதே இடத்தில் அதே ஊதா.

தேசம்மா புது நோட்டைத் தன் பக்கம் இழுத்து, ஏழாவது வரியில் கணவன் பெயரைத் தானே எழுதினாள்.

“வெள்ளிக்கிழம அவரு பாடு,” என்றாள். “எவனாச்சும் அங்க வலைய எறக்கட்டும், பாக்கறேன்.”