காவல் கம்பி

மூடுபனி உள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் ஒரு மலையூர் பேக்கரியில், கேஸ் அடுப்புக்குள் ஒரு கம்பி இருந்தது. பர்னரில் சுடர் பிறந்ததும் "வந்தாச்சு" என்று வால்வுக்குச் சொல்வது அதன் வேலை. சொல்லாவிட்டால் வால்வு கேஸை மூடிவிடும்.

அன்று பொறி தட்டியதும் சுடர் நீலமாகக் கண் விழித்தது. "அண்ணே, வந்துட்டேன்."

"யாரையும் காணோமே," என்றது கம்பி. வால்வு மூடிக்கொண்டது. சுடர் பாதிக் கனவிலேயே அணைந்தது.

மறுபடி பிறந்தது. "உங்க மேலதான் சாய்ஞ்சு நிக்கிறேன் அண்ணே. கதகதப்பு தெரியலையா?"

"குரல் மட்டும் கேட்குது. எத்தனையோ பேர் இப்படித்தான் வந்தாங்க. ஒருத்தரும் நிலைச்சு நிக்கல," என்று கம்பி பெருமூச்சு விட்டது. வால்வு மூடிக்கொண்டது. தட்டுகளில் உப்பிக் காத்திருந்த பன் மாவு மெல்ல அமுங்கத் தொடங்கியது.

மெக்கானிக் இருதயராஜ் வந்தார். எதையும் மாற்றவில்லை. கம்பியைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தார். எத்தனையோ வருஷத்துக் கரி அவர் விரல்களில் ஒட்டிக்கொண்டது.

அதே சுடர் மூன்றாவது முறை பிறந்தது. பயத்தில் வாயே திறக்கவில்லை.

"வந்தாச்சு!" என்று கத்தியது கம்பி. அடுப்பு முழுக்க நீலம் பரவியது. பிறகு வால்விடம் பெருமையாகச் சொன்னது:

"பார்த்தியா, இத்தனை பேர்ல இவன் ஒருத்தன்தான் உருப்படியான ஆள்."