எண்ணெயில் சிக்கிய கூழைக்கடா

"கூழைக்கடாவா? எங்க இருக்குக்கா?"

"தாழங்குப்பத்துலம்மா. ஒடம்பு பூரா எண்ணெய் அப்பிகினு கீது. மூச்சு வுட முடியாம தவிக்குது. சீக்கிரம் வாங்கம்மா!" போனில் சுகிர்தத்தின் குரல் நடுங்கியது.

மறுமுனையில் இருந்த எழில்மொழிக்குப் பதறியது. பறவைகளைக் காப்பாற்றும் குழுவில் இருப்பவள் அவள். ஆற்றில் எண்ணெய் கலந்ததிலிருந்து முகத்துவாரமே கறுத்துக் கிடக்கிறது. அவள் தூக்கிய கூழைக்கடாக்களில் பாதி அவள் கையிலேயே செத்துப்போயின. இதையாவது பிழைக்க வைத்துவிட வேண்டும்.

"கண்ணு தொறக்குதா?"

"இல்லம்மா. எண்ணெய் வாய்க்குள்ளயும் பூந்துகீது. கொர்ருகொர்ருன்னு இழுக்குது."

"சாப்பிட ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"கஞ்சி குடுத்தேன். கக்கிடுச்சி."

"ஐயோ அக்கா! பறவைக்குப் போயி யாராவது கஞ்சி குடுப்பாங்களா? துணியப் போத்தி அப்படியே வைங்க. டாக்டரோட வந்துட்டே இருக்கோம்."

"ஒன் கால்ல வுழறேம்மா, செத்துடப் போவுது!"

ஒரு பறவைக்காக இப்படி அழுகிற மனுஷியும் இந்தக் காலத்தில் இருக்கிறாளே! எழில்மொழிக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர், ஆக்சிஜன் சிலிண்டர், கூண்டு எல்லாம் மளமளவென்று வண்டியில் ஏறின. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டிரைவர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தார்.

தெருமுனையிலேயே காத்திருந்த சுகிர்தம், எழில்மொழியின் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப் போனாள். மூலையில் பாய். அதன்மேல் போர்த்தியிருந்த புடவை ஏறி ஏறி இறங்கியது. எழில்மொழி அவசரமாக மண்டியிட்டுப் புடவையை விலக்கினாள்.

எண்ணெயில் ஊறிய தலைமுடி. பிசுக்கு அப்பிய மீசை. வாயைப் பிளந்துகொண்டு மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார் ஒரு மனிதர்.

"அக்கா... யாருக்கா இவரு?"

"எங்க வூட்டுக்காரும்மா. எண்ணெய அள்ளப் போன எடத்துல படகு சாஞ்சி ஆத்துல வுழுந்துட்டாரு. காலையிலேர்ந்து ஆஸ்பத்திரி வண்டிக்கு போன் அடிச்சிகினே கீறேன், வருது வருதுன்றாங்க. ஆட்டோக்காரன் சீட்டு கலீஜாயிடும்னு பூட்டான்." டாக்டர் அதற்குள் ஆக்சிஜன் குழாயைப் பிரித்துவிட்டார். சுகிர்தம் எழில்மொழியின் காலடியில் உட்கார்ந்து கதறினாள்.

"மனுசன்னு சொன்னா யாரும் வரலம்மா. அதான் பறவைன்னு சொன்னேன்."