சாப்பிட்டியளோ அக்கா?

"நீ புத்த கோயிலுக்குப் போறியாமே?"

லிஃப்டுக்குள் வைத்தே கேட்டுவிட்டாள் கமலாதேவி. பக்கத்து வீட்டுத் தங்கேஸ்வரி தப்பி ஓட முடியாத இடம் அதுதான்.

"கும்பிட இல்லையக்கா. அங்கை நோர்வேக்காரப் பௌத்தர்கள் ரோமா இனப் பொம்பிளையளுக்கு எழுத வாசிக்கப் படிப்பிக்கினம். நானும் போய்ப் படிப்பிக்கிறனான்."

"ஆர், ஸ்ரேசன் வாசல்ல கப் நீட்டுற ருமேனியாக்காரியளுக்கோ?"

"ஓம். பள்ளிக்கூடமே காணாததுகள், பாவம்."

"மே மாசம் ஊரில சிங்கள ஆமியால எங்கட சனம் செத்த ஈரம் காயேல்லை, உனக்குப் புத்தர் கேக்குதோ? இனி என்ர வீட்டுப் பெல்லை அடிச்சிடாதை!"

அம்மருட்டிலுள்ள சைவக் கோயிலிலும் போய் இதைச் சொன்னாள். "சரியாச் சொன்னியள்" என்று எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டியதோடு சரி.

பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெல்லை இதுவரை அடித்த ஒரே ஆள் தங்கேஸ்வரிதான் என்று.

கமலாதேவியின் புருசன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் மதுரன் தூரத்து ஸ்தவாங்கர் நகரில். போன் எடுத்தால், "மீட்டிங்கில நிக்கிறன், பிறகு எடுக்கிறன் அம்மா." அந்தப் 'பிறகு' வருவதேயில்லை. டிவியில் வானிலை சொல்கிறவனோடு சண்டை பிடித்துப் பார்த்தாள். அவனும் பதில் சொல்லவில்லை.

பனி கொட்டிய ஒரு காலை, பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்ரேசனுக்குப் போனாள். வாசலில் ஒரு குரல்.

"வணக்கம் அக்கா. சாப்பிட்டியளோ?"

தமிழ்! திரும்பினால், காகிதக் கப்போடு ஒரு ரோமாப் பெண்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள் கமலாதேவி. ஆனால் மறுநாளும் போனாள். வீட்டில் பால் இருக்கும்போதே பால் வாங்கப் போனாள். அந்தக் கேள்வியைக் காதால் கேட்காவிட்டால் பகல் நகரவில்லை. பதில் மட்டும் சொல்லமாட்டாள்.

ஒருநாள் கோயில் சிநேகிதி சிவநாயகி கூடவே வந்துவிட்டாள்.

"வணக்கம் அக்கா. சாப்பிட்டியளோ?"

"என்னப்பா, பிச்சைக்காரி உங்களோட தமிழ் கதைக்கிறாள்! சொந்தமோ?" சிரித்துக்கொண்டே ரயிலுக்கு ஓடினாள் சிவநாயகி.

கமலாதேவிக்குக் காது சிவந்துவிட்டது. கப்பில் நாணயமொன்றை எறிந்து, நோர்வேஜிய மொழியில் கத்தினாள்.

"தமிழனிட்டைப் பிச்சை எடுக்கத்தானே அந்தத் தங்கேஸ்வரி உனக்கு இதைப் படிப்பிச்சவள்? இந்தா, எடு!"

அந்தப் பெண் நாணயத்தை எடுத்து, கமலாதேவியின் கையிலேயே வைத்தாள். அரைகுறை நோர்வேஜியத்தில் மெல்லச் சொன்னாள்.

"உங்களிடம் வாங்கக்கூடாது. எழுதப் படிப்பித்ததற்கு நான் என்ன தரட்டும் என்று டீச்சரிடம் கேட்டேன்."

"என்ன கேட்டவள்?"

"'பச்சைக் கோட்டு அக்கா தனிய இருக்கிறா, நான் அவவின் பெல்லை அடிக்கக்கூடாது. எனக்குப் பதிலாக நீ கேள்' என்றார்."