ஊருணியின் பேர்

“சாமி படம் வேணாம், ராவுத்தரே. தேசப்படம் வேணும். அதுல என் ஊருணி இருக்கணும், பேரோட.”

யாக்கூப் ராவுத்தர் ஆளை ஏற இறங்கப் பார்த்தார். புதுக்கோட்டையில் சாமி படத்தோடு பள்ளிக்கூடங்களுக்குத் தேசப்படமும் விற்று இருபது வருஷமாகப் பிழைப்பவர் அவர். இமயமலை வேண்டும், இங்கிலாந்து வேண்டும் என்று வந்தவர்கள் உண்டு. சொந்த ஊருணியைத் தேடி வந்தவர் இவர்தான் முதல்.

கேட்டவர் ஆவுடையப்பன், வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூருக்குத் தலைமை தாங்கும் அம்பலகாரர். புது வீடு கட்டியிருந்தார். கிரகப்பிரவேசத்துக்கு வரும் ஜனம் முகப்பில் நுழைந்ததுமே, அவர் வெட்டிய ஊருணி அச்சில் இருப்பதைப் பார்த்து அசந்து போக வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் சர்வேக்காரர்கள் வந்து அளந்து போனதிலிருந்து இதே நினைப்பு. அன்றைக்கென்று பார்த்து அவர் அறந்தாங்கிச் சந்தைக்குப் போயிருந்தார்.

ராவுத்தர் முதலில் ஒரு சரித்திரப் படத்தை விரித்தார். பழைய ராஜாக்களின் எல்லைகள் மஞ்சளும் சிவப்புமாக இருந்தன. கொடும்பாளூர் கொட்டை எழுத்தில் இருந்தது.

“இதுல எங்க ஊரு எங்கிட்டு இருக்கு?”

“அப்ப ஒங்க ஊரே இல்லைங்க.”

“வேற காட்டுங்க.”

அடுத்தது மோட்டாரில் ஊர் சுற்றுகிறவர்களுக்கான படம். அறந்தாங்கி ரோடு சிவப்புக் கோடாக ஓடியது. பங்களா, பாலம், ரயில் ஸ்டேஷன் எல்லாம் குறித்திருந்தார்கள்.

“துரைமாரு தங்குற எடமெல்லாம் இருக்கு. நாங்க குடியிருக்கிற எடத்தைக் காணமே?”

“காரு போகாத ஊரை இதுல போட மாட்டாகங்க.” ராவுத்தர் சிரித்துக்கொண்டே, பட்டணத்திலிருந்து தருவித்த ஒரு தாளை மெல்லப் பிரித்தார். “இது சர்வே படம். முப்பத்தெட்டாம் வருஷத்துப் புது அச்சு. ஒரு மைலை ஒரு அங்குலமாச் சுருக்கியிருக்கு. பாருங்க.”

ஆவுடையப்பன் குனிந்தார். விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

மேடு ஏறும் இடமெல்லாம் பழுப்புக் கோடு. கண்மாய்க்கு நீலம். பனைமரம் நிற்கும் இடத்தில் துளியூண்டு பனைமரம். ஐயனார் கோயில், வண்டிப்பாதை, அவர் வயலுக்குப் போகும் ஒற்றையடிப்பாதைகூட இருந்தது. மேலே சுற்றும் பருந்துக்கு ஊர் இப்படித்தான் தெரியும் போலிருக்கிறது. ஐம்பது வருஷமாக அவர் நடந்து திரிந்த மண் முழுவதும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிக் கிடந்தது. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இந்தா இருக்கு, என் ஊருணி. பக்கத்துல எழுதியும் இருக்கு. ‘ஏ’யில ஆரம்பிக்குது. ஆவுடையப்பன் ஊருணி. அதானே?”

தன் பேரின் முதல் இங்கிலீஷ் எழுத்து மட்டும் அவருக்குத் தெரியும்.

ராவுத்தர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இன்னொரு தரமும் பார்த்தார்.

“அழகி ஊருணின்னு போட்டிருக்குங்க.”

கடைப்படியில் சாமான் கூடையோடு உட்கார்ந்திருந்த அழகி, தன் பேரைக் கேட்டு எழுந்தாள். ஆவுடையப்பனின் வயலில் வேலை செய்கிறவள். விசேஷத்துச் சாமான் சுமக்கக் கூட வந்திருந்தாள். அந்த ஊரில் அழகி என்று இருப்பது அவள் ஒருத்திதான்.

“சர்வேக்காரன் வந்தப்ப ஊருணிக்கரையில நின்னது நீயா?”

“ஆமாங்கய்யா. அங்கிட்டுத்தான் புல்லு அறுத்துக்கிட்டு இருந்தேன். யாரு ஊருணின்னு கேட்டாக. என்னுதுன்னு சொன்னேன். என் பேரையும் கேட்டு எழுதிக்கிட்டாக.”

ஆவுடையப்பனுக்கு ரத்தம் தலைக்கேறியது.

“கேட்டீங்களா ராவுத்தரே? நான் வெட்டுன ஊருணியை நாக்கூசாம இவளுதுன்னு சொல்லியிருக்கா. சர்க்காருக்குப் பொய் சொன்னா ஜெயிலு, தெரியுமா ஒனக்கு?”

ஜெயில் என்றதும் அழகிக்குப் பயம்தான். ஆனாலும் படத்திலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

“இதுதானுங்களா என் பேரு? எறும்பு போற மாதிரி இருக்கு” என்றாள், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

“இதை மாத்த வழி இருக்கா, ராவுத்தரே?”

“மனு எழுதிப் போட்டா அடுத்த அச்சுல திருத்துவாக. தப்பு எப்படி வந்துச்சுன்னு காரணம் காட்டணும்.”

“இப்பவே எழுதுங்க. நான் ஒரு சொல்லும் சேர்க்கலை. இவ வாயால என்ன சொல்றாளோ, அதையே எழுதுங்க. ஜெயிலுக்குப் போனா போகட்டும்.”

ராவுத்தர் காகிதத்தை எடுத்து வைத்து, பேனாவை மையில் தொட்டார்.

“சொல்லு ஆத்தா. ஏன் ஒன்னுதுன்னு சொன்னே?”

அழகி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“சித்திரை வெயிலுங்க. அளக்குற சங்கிலி தூக்கி வந்த கூலியாளுக நாலு பேரு, நாக்கு வறண்டு கெடந்தாக. ஒருத்தரு கண்ணு சொருகி விழுந்துட்டாரு. ஐயா பேரைச் சொன்னா, ஐயா வீட்டாளுக தவிர யாரும் எறங்கக் கூடாதுங்கிறதையும் சொல்லணும். தண்ணியைப் பாத்துக்கிட்டே அவுக திரும்பிப் போகணும். எனக்கு மனசு வரலைங்க. அதான், ‘என்னுதுதான், எறங்கிக் குடிங்க’ன்னு சொல்லிட்டேன்.”

பாதி வரியில் பேனா நின்றது. ராவுத்தர் தலையை நிமிர்த்தி ஆவுடையப்பனைப் பார்த்தார்.

“இதை அப்படியே எழுதட்டுங்களா?”