டார்னெலின் இடது கை

"இந்தக் கை எதுக்குடா ஆடுது? ஃபிடில் வாசிக்கிறியா?"

கோச் ஹாலிஸ் திரையை விரலால் குத்தினார். ஆட்டத்தின் ஃபிலிமை ஓட்டிக் காட்டுவது டீமில் என் வேலை. அதே இடத்தில் நிறுத்தினேன்.

திங்கட்கிழமை என்றாலே எங்கள் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் டீமுக்குப் பயம்தான். சனிக்கிழமை ஆட்டத்தில் சொதப்பியவனை எழுப்பி நிற்க வைத்து, எல்லாரும் பார்க்க அவன் சொதப்பலைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்வார் கோச். இந்த வருஷம் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டமே எங்களுக்குக் கைகூடவில்லை. முன்வரிசை இடித்துத் தள்ளி வழி விட்டால்தானே பின்னால் வருகிறவன் ஓடுவான்? எங்கள் இடது பக்கம் எப்போதும் அடைத்துக்கொண்டது.

அந்தப் பக்கம் நிற்பவர்கள் இரண்டு பேர். ஓரத்தில் வேட், கோச்சின் சொந்த மகன். அவனுக்கு வலப்பக்கம் டார்னெல்.

நடுவில் நிற்கும் குவார்ட்டர்பேக் 'ஹட்' என்று குரல் கொடுத்ததும் வரிசை மொத்தமும் ஒரே மூச்சில் பாய வேண்டும். டார்னெல் மட்டும் இடது கையை ஒரு வெட்டு வெட்டிவிட்டுத்தான் கிளம்பினான். கண் சிமிட்டும் நேரம்தான். அதற்குள் எதிராளி உள்ளே வந்துவிடுவான்.

"பழக்கமாயிடுச்சு கோச். மாத்திக்கிறேன்" என்றான் டார்னெல்.

"போன வாரமும் இதையேதான் சொன்னே. உன்னால பக்கத்துல நிக்கிறவனும் கெடறான். பாரு, வேட்டும் லேட்டு."

வேட் குனிந்த தலை நிமிரவில்லை. நண்பன் இவ்வளவு வாங்கிக் கட்டிக்கொள்கிறானே, பெற்ற அப்பாவிடம் அவனுக்காக ஒரு வார்த்தை சொன்னால் என்ன? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவனும் எங்களைப் போல அவரை 'கோச்' என்றுதான் கூப்பிடுவான். வீட்டிலும் அப்படித்தான் என்று கேள்வி.

வியாழக்கிழமை பயிற்சியிலும் அந்தக் கை ஆடியது. கோச் விசிலைத் தூக்கிப் போட்டார். டார்னெலுக்கு இனி பெஞ்ச், அவன் இடத்தில் மாற்று ஆட்டக்காரன் கீகன் என்று சொல்லிவிட்டார்.

டார்னெலுக்கு இது கடைசி வருஷம். அவனைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று பார்க்க சனிக்கிழமை தொழில்முறை அணியிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. கெஞ்சிக் கூத்தாடுவான் என்று நினைத்தேன். அவனோ கீகனைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னான். கீகன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அந்தக் கையை ஆட்டித்தானே நீ இப்ப பெஞ்சுக்குப் போறே, எனக்கும் சொல்லித் தர்றியா?" என்று கேட்டுக்கொண்டே போனான்.

சனிக்கிழமை சொந்த மைதானம். பந்து நம்மிடம் இருக்கும்போது நம் ஜனங்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். குரல் ஆட்டக்காரர்களுக்குக் கேட்க வேண்டும் என்று அப்படி ஒரு கட்டுப்பாடு.

'ஹட்' என்ற சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே கணீரென்று கேட்டது. கீகன் பாய்ந்தான். வரிசையே பாய்ந்தது. வேட் மட்டும் குனிந்தபடி அப்படியே இருந்தான். அவன் நிமிர்வதற்குள் எதிராளி அவனைக் கடந்து வந்து, பந்தோடு ஓடிய ட்ரேயை மல்லாக்கச் சாய்த்தான்.

அடுத்த முறையும் அதேதான். மூன்றாம் முறை ட்ரே விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. டாக்டர் உள்ளே ஓடினார்.



"வேட்!" என்று கோச் கத்தினார். அவர் நின்றது அவனுக்கு வலப்பக்கம், கூப்பிடு தூரம்தான். மைதானமே திரும்பிப் பார்த்தது. வேட் திரும்பவில்லை.

டார்னெல் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தான்.

"கோச், என்னை உள்ள அனுப்புங்க. இல்லைன்னா வேட்டை வெளியே கூப்பிடுங்க. ட்ரே செத்துப் போயிடுவான்."

"அவனுக்கு என்னடா ஆச்சு?"

டார்னெல் தயங்கினான். ஸ்ட்ரெச்சரில் ட்ரேயைத் தூக்குவதைப் பார்த்தான். அதற்குமேல் அவனால் முடியவில்லை.

"அவனுக்கு வலது காது சுத்தமா கேட்காது, இடதும் பாதிதான். கோடையில அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதுலயே போயிடுச்சு. நேர்ல பேசும்போது இடது காதைக் காட்டிச் சமாளிச்சுடறான். வரிசையில குனிஞ்சு நின்னா தலையைத் திருப்ப முடியாதில்லையா? குரல் வந்ததும் நான் கையை வெட்டுவேன். அதைப் பார்த்துட்டு அவன் கிளம்புவான்."

கோச்சின் முகத்தில் ரத்தமே இல்லை. கோடையில் காய்ச்சல் வந்ததே அவருக்கு இப்போதுதான் தெரியும் என்று அந்த முகத்தைப் பார்த்தாலே புரிந்தது. ட்ரே போகிற போக்கில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். ஜனங்கள் கைதட்டினார்கள். அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

வாரா வாரம் எல்லார் முன்னாலும் நின்று திட்டு வாங்கியவன், வந்த வாழ்க்கையையும் கைவிட்டுவிட்டு எதிரில் நின்றான். திட்டியவருக்கு அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

"ஏன்டா என்கிட்ட சொல்லலை? நான் அவனோட அப்பாடா. காது போச்சுன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக மாட்டேனா?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான் கோச்" என்றான் டார்னெல். "ஆட்டத்தைப் பத்தி மட்டும்தான் நீங்க அவன்கிட்ட பேசுவீங்களாம். டீமை விட்டுப் போயிட்டா அந்தப் பேச்சும் நின்னுடுமேன்னு அழுதான்."