விழாமல் போன விண்கல்

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அச்சாகி வந்த நாவலின் கடைசி இரண்டு பக்கத்தையும் மூன்றாவது தடவையாகப் படித்தார் ராஜமாணிக்கம். அட்டையில் இருந்த பேர் அவருடையது. கதையும் அவருடையது. முடிவு மட்டும் அவர் எழுதினது இல்லை.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் அவருக்குச் சூளை பார்க்கிற வேலை. ஷிப்டு முடிந்து, மேலெல்லாம் அப்பிய களிமண் தூசி போகக் குளித்துவிட்டு, கண் சொக்கச் சொக்க உட்கார்ந்து நாவல் எழுதுவார். இதுவரை பன்னிரண்டு வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் பூமிக்கு ஓர் ஆபத்து வரும், கேப்டன் ஆதவன் காப்பாற்றுவான்.

இந்தத் தடவை விண்கல். ஆதவன் அணுகுண்டு வைத்து அதைப் பிளப்பான். மிச்சம் வங்கக்கடலில் போய் விழும். உலகமே கைதட்டும். கார்த்திகை மாசமே இப்படி எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அப்புறம்தான், 2029-ல் நிஜமாகவே ஒரு கல் வந்து மோதினாலும் மோதும் என்று பேப்பரில் போட்டு, இரண்டொரு நாளில் மோதாது என்றும் போட்டார்கள். சூட்டோடு சூடாகக் கொண்டுவந்துவிடலாம் என்று அச்சகத்துச் சாமிதுரை அவசரப்பட்டார்.

அச்சில் வந்திருந்ததோ வேறு. ஆதவன் குண்டு வைக்கவே இல்லை. கப்பலை அந்தக் கல்லின்மேல் சாய்த்து, மாசக்கணக்கில் மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கிறான். கல் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, பூமியைத் தொடாமல் தன் பாட்டுக்குப் போய்விடுகிறது. வெடி இல்லை, கைதட்டல் இல்லை.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு அச்சகத்துக்கு நடந்தார்.

சாமிதுரைக்கு ஒன்றும் புரியவில்லை. கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற டெய்சியைக் கூப்பிட்டார். அவள் புத்தகத்தைப் பார்த்ததுமே தலை குனிந்துகொண்டாள்.

"நான்தான் சார் மாத்துனேன்."

யாரைக் கேட்டு மாற்றினாய் என்றார் ராஜமாணிக்கம்.

"கேக்கணும்னுதான் இருந்தேன் சார். புரூஃப் பாக்க நீங்க வரல. துக்கத்துக்குப் போயிருந்தீங்க. திரும்பி வந்தப்புறம்... உங்க மொகத்தப் பாத்து கேக்க முடியல."

"அதுக்காக உன் இஷ்டத்துக்கு எழுதுவியா?"

"பேப்பர்ல போட்டிருந்தாங்க சார். வெடிக்க வெக்கணும்னு இல்லியாம். ரொம்ப முன்னாடியே போயி லேசாத் தள்ளிவுட்டாலே வெலகிப் போயிடுமாம்."

"நீ எனக்கு சயின்ஸ் சொல்லித் தரியா?"

டெய்சி துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

ராஜமாணிக்கம் சாமிதுரை பக்கம் திரும்பினார். எட்டு மணி நேரம் சூளைச் சூட்டில் வெந்துவிட்டு வந்து எழுதுகிறவனுக்கு இதுதான் மரியாதையா என்று கேட்டார். இந்தப் பெண் இங்கே இருந்தால் இனிமேல் இந்த அச்சகத்துக்கு ஒரு வரிகூடத் தரமாட்டேன் என்றார். சாமிதுரை டெய்சியிடம், "நாளையிலேர்ந்து வர வேணாம்மா" என்றார். டெய்சி சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு, இருவரையும் பார்த்து, வரேன் சார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜெயித்த மாதிரியே இல்லை ராஜமாணிக்கத்துக்கு. வீட்டுக்குப் போய் விழுந்து தூங்கினால் போதும் என்றிருந்தது.

வீட்டிலும் இப்போதெல்லாம் பேச்சு இல்லை. தன் கூடப்பிறந்த அக்கா ஆதிலட்சுமி செத்துப்போனதிலிருந்து மனைவி திரௌபதி வாயைத் திறப்பதே அபூர்வம். சோறு போடுவாள், சட்டை துவைப்பாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். இரண்டு மாசமாக இதேதான். என்ன சொல்லித் தேற்றுவது என்று அவருக்கும் தெரியவில்லை. இரட்டை ஷிப்டு பார்த்தே நாளை ஓட்டினார்.

உள்ளே நுழைந்தபோது திரௌபதி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காலையில் அவர் வைத்துவிட்டுப் போன இன்னொரு பிரதி மடியில் கிடந்தது.

"படிச்சிட்டேங்க" என்றாள்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எப்படி இருக்குது என்று கேட்கக்கூடத் தெம்பில்லை.

"பயந்துகிட்டேதான் படிச்சேன். எல்லாக் கதையிலயும் கடைசியில கடல்ல கொண்டுபோயித்தான போடுவீங்க? இதுலயும் போட்டுடுவீங்களோன்னு இருந்திச்சு. சுனாமி வந்ததுலேர்ந்து கடலுன்னு எழுத்துல பாத்தாலே பரங்கிப்பேட்டையில அக்கா வூடு இருந்த எடம்தான் கண்ணு முன்னால வருது."

ராஜமாணிக்கம் திரும்பி அவள் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"நீங்க போடல. யாருக்கும் ஒண்ணும் ஆவாம தள்ளிவுட்டுட்டீங்க." புத்தகத்தை மூடித் தடவிக்கொடுத்தாள். "நமக்குத்தான் துக்கம், இவருக்கு எதுவுமே ஒறைக்கலன்னு நெனச்சிட்டிருந்தேன். அக்காவ நெனச்சு கதையவே மாத்தியிருக்கீங்க."

இரண்டு மாசத்தில் அவள் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இருங்க, டீ போடறேன் என்றாள்.

ராஜமாணிக்கம் ஆணியிலிருந்த சட்டையை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். பொத்தான் சரியாக மாட்டவில்லை.

"இப்பத்தான வந்தீங்க, எங்க கெளம்பிட்டீங்க?"

"அத நான் எழுதல திரௌபதி" என்றார். "எழுதுன பொண்ண வேலைய வுட்டுத் தொரத்திட்டு வந்திருக்கேன்."