மூன்றாம் பக்கத்தில் எண்ணெய்க் கறை

பருக்கள் மண்டிய இடது கன்னத்தைத் தாளின் மேல் சாய்த்துக்கொண்டுதான் தமயந்தி பரீட்சை எழுதுவாள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியக் கூடாது. தினமும் ஆறு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவக் கழுவ முகம் இன்னும் பிசுபிசுத்தது. வேதியியல் விடைத்தாளின் மூன்றாம் பக்கத்தில் அந்த எண்ணெய் வட்டமாக ஊறியிருந்தது. அங்கே பேனா எழுதாததால், சமன்பாட்டை வட்டத்தைச் சுற்றி வளைத்து எழுதியிருந்தாள்.

திருத்திய தாளைக் கொடுக்கும்போது ஸ்டெல்லா மிஸ் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். வட்டத்தின் வழியே வெளிச்சம் வந்தது.

“என்னடி இது? பஜ்ஜி மடிச்ச பேப்பரா?”

வகுப்பே சிரித்தது.

“ஆமா மிஸ்,” என்றாள் தமயந்தி. “பஜ்ஜிதான்.”

“பரீட்சை ஹால்லயா?”

“பசிச்சுது மிஸ். ஒளிச்சு வச்சுத் தின்னேன்.”

மிஸ் தாளை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு, தமயந்தி அவசரமாகக் கையால் மூடிய கன்னத்தைப் பார்த்தார். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

“ஆமா, பஜ்ஜி வாசனைதான் அடிக்குது,” என்று வகுப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தாளை மெதுவாக மடித்து அவள் கையில் கொடுத்தார்.

அதுவரை வராத அழுகை தமயந்திக்கு அப்போது வந்தது.